கோன் ஃபில்டர் வாங்கும் முன் உங்கள் காரை அளந்து பாருங்கள்

என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் கோன் ஃபில்டர் (மூடி இல்லாத, கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) போட்டு நான்கு மாதம் ஓட்டினேன். பிறகு அதைக் கழற்றிவிட்டு, காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியை, அதாவது கம்பெனி பாக்ஸையே திரும்ப மாட்டினேன். மைலேஜ் ஏறவில்லை, கோவை டிராஃபிக்கில் பிக்கப் குறைந்துதான் போனது. ஏன் என்று தெரிந்துகொள்ளச் செய்த சோதனைகளை இங்கே எழுதுகிறேன். டர்போ இல்லாத, இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களுக்கு இது பொருந்தும்.

படி 1: ஓபிடி டாங்கிள்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (கார் சென்சார்களின் அளவுகளைப் படிக்கும் இடம்) செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்றும், போனில் கார் ஸ்கேனர் ஆப்பும் போதும். ஃபில்டருக்குக் கொடுக்கும் காசை முதலில் இதற்குக் கொடுங்கள் என்பேன்.

படி 2: காற்று உண்மையில் தடைபடுகிறதா?

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷரை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றுப் போகும் குழாயில் உள்ள அழுத்தத்தைப் பாருங்கள். அப்போது அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடலோர ஊர்களில் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். கோவையில் எனக்கு 97 காட்டியது. (ஊட்டிக்குப் போனால் 77 பக்கம் இறங்கிவிடும். மலையில் கார் இழுக்கத் திணறுவது அதனால்தான். எந்த ஃபில்டரும் அதை ஈடுகட்டாது.)

அடுத்து, காலியான நேர்சாலையில், வேக வரம்புக்குள், இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். என் காரில், கம்பெனி பாக்ஸோடு, 95 வந்தது. ஃபில்டர், ஹோஸ், திராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) எல்லாம் சேர்ந்து தடுப்பது வெறும் 2 கிலோபாஸ்கல்தான். ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓட்டினாலும் இரண்டு சதவீதத்துக்கு மேல் காற்று கூடுதலாக வர வழியில்லை.

சாதாரணமாக ஓட்டும்போது இதே அளவு 30, 40 என்று இருக்கும். அங்கே காற்றைத் தடுப்பது பாதி மூடியிருக்கும் திராட்டில், ஃபில்டர் அல்ல. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை அளந்து விடுகிறது. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொண்டும் இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தபோதும், இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை; பிக்கப்தான் குறைந்தது. பழைய கார்புரேட்டர் காரில் மைலேஜும் அடிவாங்கியது. ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது அந்தக் காலத்து வண்டிகளுக்குச் சரி.

படி 3: காற்றின் வெப்பம்

நான் சறுக்கியது இங்கேதான். கோன் ஃபில்டர் பானெட்டுக்குள், ரேடியேட்டர் ஃபேனின் சூடான காற்றிலேயே உட்கார்ந்திருந்தது. முதல் வாரம் பைபாஸில் மட்டும் இன்டேக் வெப்பத்தைப் பார்த்தேன்; 42 டிகிரிதான் காட்டியது, திருப்தியாக இருந்துவிட்டேன். உறுமல் சத்தம் கூடியதை வேகம் கூடியதாகவும் நம்பினேன். ஒரு மதியம், வெளியே 34 டிகிரி இருக்கும்போது, அவினாசி ரோடு சிக்னல்களில் பார்த்தால் 61! கம்பெனி பாக்ஸைத் திரும்ப மாட்டியபின் அதே நேரத்தில், அதே சாலையில் 45. அதன் மூக்கு கிரில்லுக்குப் பின்னால் இருந்து வெளிக்காற்றை இழுக்கிறது.

ஏறக்குறைய 3 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி ஒரு சதவீதம் குறையும். 16 டிகிரிக்கு ஐந்து சதவீதம். இரண்டைப் பிடிக்கப் போய் ஐந்தை விட்டிருக்கிறேன். சூடான காற்றில் இன்ஜின் தட்டாமல் (பெட்ரோல் கலவை தானாக வெடித்து டக் டக் என்று சத்தம் வராமல்) இருக்க இசியூ இக்னிஷன் டைமிங்கையும், அதாவது பொறி விழும் நேரத்தையும், பின்னுக்குத் தள்ளும். அந்த இழப்பு தனி.

சிக்னலில் நிற்கும்போது சென்சாரே சூடேறிக் கூடுதலாகக் காட்டும். அதனால் வண்டி நகரத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்து வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: மைலேஜ்

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தம். குறைந்தது மூன்று டேங்க். டயர் காற்றும் ஒரே அளவு. கோனோடு எனக்கு 17.1, 16.8, 17.4, கம்பெனி பாக்ஸோடு 17.0, 17.3, 16.9. வித்தியாசம் என்று எதையும் சொல்ல முடியாது.

படி 5: மாற்றியே தீருவேன் என்றால்

கம்பெனி பாக்ஸுக்குள் போடும் பேனல் ஃபில்டரை மட்டும் மாற்றுங்கள். என் தேர்வு சாதாரண பேப்பர் ஃபில்டர்தான். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் மெல்லிய கம்பியில் போய்ப் படியும். அந்த சென்சாருக்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் அதைச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விரலால் தொடாதீர்கள். மாட்டிய பிறகு எல்லா கிளாம்பையும் ஆட்டிப் பாருங்கள். ஃபில்டரைத் தாண்டி ஓட்டை இருந்தால் தூசி நேராக சிலிண்டருக்குள் போய்த் தேய்க்கும்.

பின்சேர்க்கை: டர்போ டீசல் வைத்திருக்கும் ஒரு வாசகர், படி 2-இல் தனக்கு 200-க்கு மேல் காட்டுகிறது என்று கேட்டிருந்தார். அது டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று. இந்தச் சோதனை உங்கள் வண்டிக்கு உதவாது. இன்னொருவர், சூட்டைத் தவிர்க்கக் குழாயை இறக்கி ஃபில்டரை பம்பருக்குக் கீழே வைக்கலாமா என்கிறார். குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மை. ஆனால் மழை நாளில் சப்வேயில் தேங்கிய தண்ணீரை அது உறிஞ்சினால், இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மழைக்கு முன் மேலே ஏற்றிவிடுங்கள்.