மைஎஸ்க்யூஎல் 3105 பிழைக்கு ஒரு குறுக்குவழி

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த எஸ்க்யூஎல் ஃபைலைத் திரும்ப ஏற்றும்போது 3105 என்று பிழை வந்து நின்றால், சூத்திரத்தால் தானே நிரம்பும் நெடுவரிசைக்கு (ஜெனரேட்டட் காலம்) ஃபைல் மதிப்பு கொடுக்கிறது என்று பொருள். அதற்காக டேட்டாவைச் சேர்க்கும் ஆயிரக்கணக்கான இன்சர்ட் வரிகளில் கை வைக்காதீர்கள். மேலே, டேபிளை உருவாக்கும் கிரியேட் டேபிளில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்: 'ஜெனரேட்டட் ஆல்வேஸ்' என்று தொடங்கும் சூத்திரத்தை, கடைசியில் வரும் 'ஸ்டோர்டு' அல்லது 'வர்ச்சுவல்' உட்பட, எடுத்துவிட்டுச் சாதாரண நெடுவரிசையாக்குங்கள். டேட்டா ஏறியதும் அந்த நெடுவரிசையை டிராப் செய்து, சூத்திரத்தோடு மறுபடி சேர்த்துவிடுங்கள். எந்த நெடுவரிசைக்குப் பின் வர வேண்டும் என்று சொல்லும் 'ஆஃப்டர்' போட மறந்தால் அது கடைசிக்குப் போய்விடும்.

பிழை ஏன் வருகிறது? இப்படிப்பட்ட நெடுவரிசையில், அளவு 3, விலை 40 என்றால் மொத்தம் 120 என்பதை மைஎஸ்க்யூஎல் தானே கணக்கிடும். வெளியிலிருந்து கொடுத்தால் வாங்காது. சில எக்ஸ்போர்ட் கருவிகள் அந்த 120ஐயும் இன்சர்ட்டில் எழுதித் தொலைக்கின்றன. தப்பு கருவியுடையது, உங்கள் டேட்டாவில் கோளாறு இல்லை. மறுபடி சேர்க்கும்போது எல்லா வரிசைக்கும் புதிதாகக் கணக்கிடப்படுவதால் எதுவும் தொலையாது.

அந்த நெடுவரிசையில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இருந்தால் மட்டும் கவனம். டிராப் செய்யும்போது அதுவும் சேர்ந்து போகும், அப்புறம் தனியாகப் போட வேண்டும். மூல டேட்டாபேஸ் இன்னும் கைவசம் இருந்தால் இந்த வித்தையே வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லோடு வரும் எக்ஸ்போர்ட் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு எடுங்கள், அது இந்த நெடுவரிசைகளை இன்சர்ட்டில் சேர்ப்பதில்லை.