குழந்தைக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பை முதல் ஆண்டிலேயே எடைபோடுவது எப்படி?

கைக்குழந்தையின் கன்னம் சொரசொரத்துச் சிவந்து, தூக்கத்திலும் அது முகத்தைத் துணியில் தேய்க்கத் தொடங்கிவிட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "தாய் என்ன சாப்பிட்டாள்?" என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. பெரியவர்கள் கரப்பான் என்று சொல்லிவந்ததும், மருத்துவர்கள் எக்ஸிமா அல்லது ஒவ்வாமைத் தோல் அழற்சி என்று எழுதுவதுமான இந்த நோயில், அந்தக் கேள்வி தேடலைத் தவறான இடத்தில் தொடங்கிவைக்கிறது. தாயின் தட்டைவிடக் குழந்தையின் தோலை முதலில் பார்ப்பதே சரி.

அதற்கும் முன்னால் குடும்ப வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள். தாய், தந்தை, மூத்த குழந்தைகள் ஆகியோரில் எவருக்கேனும் எக்ஸிமா, ஆஸ்துமா, தூசியாலோ மகரந்தத்தாலோ வரும் மூக்கு ஒவ்வாமை ஆகியவற்றுள் எது, எந்த வயதில் இருந்தது என்று குறிக்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும் எக்ஸிமா இருந்திருந்தால், ஒருவருக்கு மட்டும் இருந்ததைவிடக் குழந்தைக்கு வாய்ப்பு அதிகம். தோலின் மேலடுக்கைக் கட்டுக்கோப்பாக வைத்து ஈரத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் குறை, இந்நோய்க்கு வலுவான காரணி என்பது 2006-இல் வெளிப்பட்டது. இக்குறை உள்ளவர்களின் உள்ளங்கையில் ரேகைகள் வழக்கத்தைவிட மிகுதியாகவும் ஆழமாகவும் இருப்பதுண்டு. ஆகவே பெற்றோர் தங்கள் உள்ளங்கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் குறை இருந்தும் நோய் வராதவர்கள் பலர். குறை இல்லாமலே நோய் வந்தவர்களும் பலர்.

அடுத்து, தோல். எக்ஸிமா பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. அவர்களிலும் பெரும்பகுதியினருக்கு முதல் பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கன்னம், நெற்றி, உச்சந்தலை, கைகால்களின் வெளிப்புறம் ஆகியவையே கைக்குழந்தையிடம் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். அரைக்கச்சை (டயப்பர்) மூடும் பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். முழங்கை, முழங்கால் மடிப்புகள் பாதிக்கப்படுவது பெரும்பாலும் நடக்கத் தொடங்கிய பிறகு. கருத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. அங்கே பழுப்பு, ஊதா, சாம்பல் சாயல்களையும் மயிர்க்கால்களைச் சுற்றிய சிறு புடைப்புகளையும் தேட வேண்டும். படங்களில் உள்ள செந்நிறத்தை எதிர்பார்த்துக் காத்திருந்து நோயைத் தவறவிட்டவர்கள் உண்டு. தடிப்பு தெரிவதற்கு முன்பே தோல் தன் ஈரத்தை இழக்கத் தொடங்கிவிடுகிறது. அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், பிறந்த இரண்டாம் நாளிலேயே தோல்வழி நீர் அதிகமாக வெளியேறிய குழந்தைகளுக்கு ஒரு வயதில் எக்ஸிமா இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

அப்படியானால் பிறந்த நாள் முதலே ஈரப்பதக் களிம்பைப் பூசினால் நோயைத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். நியாயமான ஊகம்தான், ஆனால் ஒரு பெரிய சோதனையில் அது தோற்றது. பிரிட்டனில் குடும்ப வரலாறு உள்ள 1,394 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதல் ஆண்டு முழுவதும் தினமும் களிம்பு பூசச் சொன்ன ஆய்வு 2020-இல் வெளியானது. இரண்டு வயதில் களிம்புக் குழுவில் 23 விழுக்காட்டினருக்கும், மற்றக் குழுவில் 25 விழுக்காட்டினருக்கும் எக்ஸிமா இருந்தது. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. அதோடு, களிம்பு பூசியவர்களிடம் தோல் தொற்றுகள் சற்றுக் கூடுதலாகப் பதிவாயின. எனவே நலமாக உள்ள தோலுக்குத் தடுப்பு மருந்தாகக் கருதிக் களிம்பு பூச வேண்டியதில்லை. வறட்சியோ தடிப்போ தொடங்கிவிட்டால் அதே களிம்பு சிகிச்சையின் அடித்தளமாகிவிடுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாற்றக்கூடியவற்றில் எளியது குளியல். வெதுவெதுப்பான நீர், குறுகிய நேரம், மணமில்லாத மென்மையான சுத்திகரிப்பான், அதையும் அழுக்கு உள்ள இடத்தில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரை அதிகமாக வந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்ற எண்ணம் தோலின் எண்ணெய்ப் பசையைத்தான் கொண்டுபோகும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீர் உள்ள இடங்களில் எக்ஸிமா கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆயினும் ஏற்கெனவே நோய் உள்ள குழந்தைகளின் வீடுகளில் நீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்து 2011-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் தோலில் பயன் தெரியவில்லை. அதற்காகப் பெருஞ்செலவு செய்யத் தேவையில்லை. வீட்டுக்குள் புகைபிடிப்பதை மட்டும் தயக்கமின்றி நிறுத்துங்கள். எக்ஸிமாவோடு அதற்குள்ள தொடர்பு எவ்வளவாயினும், குழந்தையின் நுரையீரலுக்காகவே அது போதுமான காரணம்.

இனி உணவு. கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் தாய் முட்டை, பால், கடலை ஆகியவற்றை ஒதுக்குவதால் குழந்தைக்கு எக்ஸிமா வராமல் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தாயின் ஊட்டம் குறைவதுதான் மிச்சம். தாய்ப்பாலைப் பொறுத்தவரை, பெலாரஸில் நடந்து 2001-இல் வெளியான பெரிய ஆய்வில் பாலூட்டலை ஊக்குவித்த மருத்துவமனைகளின் குழந்தைகளில் 3.3 விழுக்காட்டினருக்கும் மற்றவற்றில் 6.3 விழுக்காட்டினருக்கும் முதல் ஆண்டில் எக்ஸிமா வந்தது. பிற ஆய்வுகள் எல்லாம் இதே திசையில் அமையவில்லை. பாலூட்டுவதற்கு வேறு வலுவான காரணங்கள் உள்ளன. பாலூட்ட இயலாத தாய் இந்நோய்க்குத் தன்னைக் காரணமாக்கிக்கொள்ள வேண்டாம்.

எக்ஸிமா முன்கூட்டியும் கடுமையாகவும் தொடங்கிய குழந்தைக்கு உணவு ஒவ்வாமை வரும் அபாயம் கூடுகிறது. உடைந்த தோல்வழியே உணவின் துகள் உடலுக்கு முதலில் அறிமுகமானால் அது பகையாகவும், வாய்வழியே அறிமுகமானால் உறவாகவும் பதிகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம். கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட, 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நிலக்கடலையைச் சிறுவயதிலேயே தொடர்ந்து கொடுத்ததால் ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைந்தது. ஆகவே இணை உணவு தொடங்கும்போது ஒவ்வாமை தரும் என்று பெயர்பெற்ற உணவுகளைத் தள்ளிப்போட வேண்டாம். கடுமையான எக்ஸிமா இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின் தொடங்குங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால், மசித்தே தர வேண்டும்.

பட்டியல்களில் அடிக்கடி வரும் வேறு சில காரணிகளை எச்சரிக்கையோடு படியுங்கள். முதல் ஆண்டில் ஆன்டிபயாடிக் பெற்றவர்களிடம் எக்ஸிமா கூடுதலாகக் காணப்படுவதற்கு, தோல் தொற்றுக்காகவே அந்த மருந்து கொடுக்கப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவர் தேவை என்று சொல்லும் மருந்தை இந்த அச்சத்தால் நிறுத்தக் கூடாது. அறுவைப் பிரசவம் பற்றிய முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. மூத்த உடன்பிறப்புகள் உள்ளவர்களிடம் ஒவ்வாமை குறைவதை பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராக்கன் 1989-இல் சுட்டிக்காட்டினார். நாய் வளர்க்கும் வீடுகளிலும் எக்ஸிமா குறைவாகக் காணப்படுகிறது. அதற்காக நாய் வாங்கச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

தடிப்பு வந்துவிட்டால் ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகவும், மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன அளவிலும் பூசுங்கள். தடிப்பில் மஞ்சள் பொருக்கு கட்டினாலோ நீர் வடிந்தாலோ அன்றே காட்ட வேண்டும். காய்ச்சலோடு ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி, குழிந்த புண்களாக மாறினால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.