நிதி மாநாட்டின் ஒரு கூட்டத்தைப் பாசிக்குடாவுக்குக் கேட்டுப் பெறுவது எப்படி?

சர்வதேச நாணய நிதியம், உலக வங்கியின் ஆண்டுக் கூட்டங்கள் வழமையாக இரண்டு வருடம் வாஷிங்டனில் நடக்கும்; மூன்றாவது வருடம் வேறொரு நாட்டுக்குப் போகும். ஆயிரக்கணக்கானோர் வரும் அதை, பாசிக்குடாக் கடற்கரை இருக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குக் கேட்பது வீண். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கூட்டம் அதைவிடச் சிறியது, 2019இல் பிஜியின் நாடியில் நடந்தது. இலங்கை அரசாங்கம் அதை நடத்தக் கேட்கும்போது, பிரதான கூட்டத்தோடு சேர்ந்து நடக்கும், நூறு பேருக்குள் அடங்கும் ஒரு பக்கக் கூட்டத்தைப் பாசிக்குடாவுக்கு ஒதுக்கும்படி மாவட்டச் செயலகம் வழியாக நிதி அமைச்சிடம் கேளுங்கள். அரசாங்கத்தின் அழைப்புக் கடிதம் வங்கிக்குப் போன பிறகு கேட்டால் எடுபடாது.

மே மாதம் என்றால் நல்லது, கடல் அமைதியாக இருக்கும். ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்கிவிடும், வெள்ளம் வந்தால் வீதியும் போகும்.

உண்மையான பேரம், கூட்டத்தை நடத்தும் நாடும் வங்கியும் செய்யும் விருந்தளிக்கும் நாட்டு ஒப்பந்தத்தில்தான். விசா, சட்ட விலக்கு, பாதுகாப்பு, செலவு எல்லாம் அதற்குள் வரும். அங்கீகாரம் பெற்றவர் எல்லோருக்கும் நுழைவு உண்டு என்று எழுத்தில் வையுங்கள். 2006இல் நாணய நிதியம், உலக வங்கியின் கூட்டத்துக்கு வந்த சில செயற்பாட்டாளர்களைச் சிங்கப்பூர் மறித்ததில் உலக வங்கியே பகிரங்கமாகக் கண்டித்தது. ஒத்திவைப்புப் பிரிவை மறக்கவே கூடாது. மொரோக்கோவின் மராகேஷில் நடக்கவிருந்த அதே நிறுவனங்களின் கூட்டம் கொரோனாவால் 2021இலிருந்து 2023க்குத் தள்ளிப்போனது. அப்படி நேர்ந்தால் ஹோட்டல் முற்பணம் யார் தலையில்? செலவுக்கு உச்சவரம்பையும் நாணயமாற்று விகிதத்துக்கான திகதியையும் குறிப்பிடுங்கள். ரூபா சரிந்தால் பட்ஜெட் அங்கேதான் உடையும்.

இடத்தைப் பார்க்க வங்கியின் கள ஆய்வுக் குழு வந்தால் அறைகளுக்கு முன்னே ஜெனரேட்டரையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையையும் காட்டுங்கள்.