சரளைச் சாலையும் டிராக்டர் லோடரும்: நாட்டுப்புறத்தில் குடியேறுவோருக்கு

வெளிநாட்டில் நகரத்தை விட்டு விலகி, நிலத்தோடு வீடு வாங்கும் நம்மவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், கிணற்றைப் பார்க்கிறார்கள். பொதுச்சாலையிலிருந்து வாசல்வரை வரும் சரளைப் பாதையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பாதை பெரும்பாலும் உங்கள் சொத்து. குண்டும் குழியுமானால் அரசாங்கம் வந்து சீர்செய்யாது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் அதன் வழியாகத்தான் உங்களிடம் வந்து சேர வேண்டும். ஆகவே முதலில் பத்திரத்தைப் பாருங்கள். பாதை உங்களுக்கு மட்டுமா, பக்கத்து வீட்டாருக்கும் பொதுவா, பொதுவென்றால் செலவை எப்படிப் பகிர்வது? எழுத்தில் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தாருடன் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். பாதை கெட்ட பிறகு நடக்கும் பேச்சு சுமுகமாக இருக்காது.

அடுத்து டிராக்டர். முன்னால் லோடர், அதாவது பக்கெட்டைத் தூக்கி இறக்கும் இரும்புக் கைகள், பூட்டிய சிறிய டிராக்டர் இருந்தால் இந்த வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: பக்கெட் நிறைய ஜல்லியை அள்ளிக் குழியில் கொட்டி, மேலே ஏறி மிதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாலு மழை பெய்ததும் அதே இடத்தில் அதே குழி. ஜல்லி போதவில்லை என்று இன்னும் ஒரு லாரி வரவழைக்கிறார்கள். குறை ஜல்லியில் இல்லை, தண்ணீர் தேங்குவதில் இருக்கிறது. தேங்கிய நீரில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கல்லைப் பிடித்து வைத்திருக்கும் நுண்மண் கலங்கி வெளியே தெறிக்கிறது. பிடிமண் போனால் கல் தங்காது.

எனவே பாதைக்கு முதலில் வேண்டியது வாட்டம். நடுப்பகுதி உயர்ந்து, இரு ஓரங்களுக்கும் சரிந்திருக்க வேண்டும். சரளைச் சாலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சரிவு 4 விழுக்காடு. 3 மீட்டர் அகலப் பாதையில் நடுவிடம் ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் சரி. தார்ச்சாலைக்கு இதில் பாதி போதும். சரளையின் முகம் சொரசொரப்பானது, தண்ணீர் மெதுவாகத்தான் வழியும். கண்ணை நம்ப வேண்டாம். நேரான பலகையின் ஒரு முனையைப் பாதையின் நடுவில் வைத்து, மறுமுனையை ஓரத்துக்கு நேராக நீட்டி, மேலே ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, ஓரத்தில் பலகைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். மலைச்சரிவில் போகும் குறுகலான பாதைக்கு நடுமேட்டுக்குப் பதிலாக ஒரே பக்கமாக வாட்டம் கொடுப்பதும் உண்டு.

வாட்டம் இருந்தும் குழி விழுகிறதென்றால் ஓரங்களைப் பாருங்கள். நாள்பட்ட பாதைகளில் சக்கரம் ஒதுக்கிய கல்லும் புல்வேரும் சேர்ந்து ஓரத்தில் ஒரு வரப்பாக எழும்பி நிற்கும். நடுவிலிருந்து வழிந்த தண்ணீர் அந்த வரப்பில் முட்டி, பாதையிலேயே ஓடி, சக்கரத்தடத்தை வாய்க்காலாக அறுத்துவிடும். அதை வெட்டி எடுத்தாலே பாதித் தொல்லை தீரும். பக்கத்துச் சாக்கடைப் பள்ளமும் பாதைக்கு அடியில் போகும் குழாயின் வாயும் அடைபடாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: உங்கள் தண்ணீரைப் பக்கத்து நிலத்துக்குப் புதிதாகத் திருப்பிவிடாதீர்கள். பல நாடுகளில் அது வழக்கு வரைக்கும் போகும்.

ஜல்லி வாங்கும்போது உருண்டையான கூழாங்கல்லைத் தவிருங்கள். பார்க்க அழகு, மிதித்தால் உருளும், ஒருநாளும் இறுகாது. உடைத்த கல்லாக, முனைகள் கூர்மையாக, பெரிய கல்லே ஏறக்குறைய 2 சென்டிமீட்டரைத் தாண்டாததாக, கல்தூளும் சிறிது களிமண்ணும் கலந்ததாகக் கேளுங்கள். கழுவிச் சலித்த சுத்தமான ஜல்லி மேல்பரப்புக்கு ஆகாது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனத்துக்கு 15 கனமீட்டர், அதாவது சுமார் 24 டன் பிடிக்கும். ஓரிடத்தில் குவிக்காமல் வண்டியை நகர்த்திக்கொண்டே கொட்டித் தரும்படி லாரிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் வேலை பெருமளவு குறையும்.

இனி கருவிகள். லோடர் பக்கெட் அள்ளவும் சுமக்கவும் கொட்டவும் ஆனது. மட்டம் செய்ய அது நல்ல கருவி அல்ல என்பது என் உறுதியான கருத்து. பக்கெட் முன்சக்கரங்களுக்கு முன்னால் நீண்டு நிற்கிறது. முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் பக்கெட் அதைவிட ஆழமாக இறங்கி வெட்டும். மேட்டில் ஏறினால் அதைவிட உயரும். மட்டம் செய்யப்போய் அலை அலையாக ஆக்கிவிட்டு வருவீர்கள். பக்கெட்டால் நிரவித்தான் ஆக வேண்டுமென்றால், லோடர் லிவரை ஃப்ளோட் நிலையில் வைத்து, பக்கெட் தன் எடையில் மட்டும் தரையில் படிய, பின்னோக்கி மெதுவாக இழுங்கள். அப்போது பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்து முனையைச் செங்குத்தாக நிறுத்தாதீர்கள். புதைந்த கல்லில் சிக்கினால், முழுக்க நீண்டிருக்கும் சிலிண்டர் தண்டு வளைந்துவிடும்.

மட்டவேலை டிராக்டரின் பின்னால் பூட்டும் கருவிக்கு உரியது. வயலில் பரம்பு ஓட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாக்ஸ் பிளேடில் கலப்பைக் கொழுபோன்ற இரும்புப் பற்களும், அவற்றுக்குப் பின்னால் வெட்டும் தகடுகளும், மண்ணைத் தாங்கும் பெட்டியும் இருக்கும். கருவியின் மேற்பகுதியை டிராக்டரோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய தண்டான டாப் லிங்கைக் குறைத்தால் பெட்டி முன்னால் சாய்ந்து பற்கள் ஆழமாகக் கிளறும். நீட்டினால் பின்னால் சாய்ந்து பின்தகடு தடவி நிரவும். பழகாத கைக்கு லேண்ட் பிளேன் எளிது. இரண்டு சறுக்குச் சட்டங்களுக்கு நடுவே தகடுகள் உட்கார்ந்திருப்பதால் சட்டத்தின் நீளமே மேடுபள்ளத்தைச் சமன்செய்துவிடும். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும், பாதை நீளமானது என்றால் நான் அதையே சொல்வேன். புதிதாக நடுமேடு எழுப்ப மட்டும் கோணம் திருப்பக்கூடிய பின்பிளேடு கைகொடுக்கும்: ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மண்ணை ஒதுக்கிக்கொண்டே வரலாம்.

குழியை மூடும் முறை இதுதான்: மழை பெய்து ஓய்ந்து, கையில் பிடித்தால் மண் உருண்டையாக நிற்கும் ஈரத்தில் வேலையைத் தொடங்குங்கள். காய்ந்த பாதையைக் கிளறினால் தூசிதான் பறக்கும். சேறாக இருந்தால் தடம் பதியும். பற்களைக் குழியின் அடிமட்டத்துக்கும் சற்றுக் கீழே இறக்கி, சுற்றியுள்ள பாதையையே கிளறுங்கள். குழி என்ற ஒன்றே இல்லாமல் போக வேண்டும். பிறகு கிளறிய மண்ணையே பரப்பி, வாட்டம் கொடுத்து, சக்கரத்தாலோ ரோலராலோ இறுக்குங்கள். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரை ஒட்டி இருக்கட்டும்; அதிகமானால் கருவி துள்ளும்.

குறுக்கே வரிவரியாக விழும் அலைகளுக்கும் இதே வைத்தியம், ஆனால் காரணம் வேறு. 2007இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மாரிஸ் உள்ளிட்ட இயற்பியலாளர்கள் மணல்மேல் சக்கரத்தை ஓட்டிச் சோதித்தபோது, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அலை எழவில்லை. அதைத் தாண்டியதும் எழுந்தது. வண்டியில் ஸ்பிரிங் இருப்பதும் இல்லாததும் இதற்குப் பொருட்டில்லை. வீட்டுக்கு வருவோர் எல்லோரையும் மெதுவாக ஓட்டச் சொல்வதும் பராமரிப்புதான்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். நிறைந்த பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்த்தியே கொண்டு செல்லுங்கள். உயர்த்தி வைத்துச் சரிவில் திரும்பினால் டிராக்டர் கவிழும். பின்னால் கனமான கருவியோ எடையோ இல்லாமல் லோடரில் பாரம் தூக்காதீர்கள். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் மடக்கப்படாமல் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். உயர்த்திய பக்கெட்டின் கீழ் யாரும் நிற்கக் கூடாது, ஒரு நிமிடம்கூட. ஹைட்ராலிக் குழாயில் கசிவு தேடும்போது கையால் தடவாமல் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது. பள்ளம் வெட்டுமுன் நிலத்தடி மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் அதற்கென்றே தொலைபேசிச் சேவை இருக்கிறது.

பனி விழும் நாடு என்றால் முதல் பனிக்குள் வாட்டம் பார்த்து முடித்துவிடுங்கள். பனி தள்ளும்போது தரை உறையும்வரை தகட்டைச் சறுக்குக் கால்களால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி ஓட்டுங்கள்; இல்லாவிட்டால் போட்ட ஜல்லி முழுக்கப் பனியோடு புல்தரைக்குப் போய்விடும். பனி உருகும் வாரங்களில் மேலே சேறும் கீழே உறைந்த தரையுமாக இருக்கும். அந்தச் சமயத்தில் டிராக்டரைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு போய்க் குழாய் வாயை மட்டும் திறந்துவிட்டு வாருங்கள்.