வாசகர் மனதில் ஒட்டும் கதாபாத்திரத்தை எழுதுவது எப்படி? ஒரு தையல்காரியை வைத்து ஒரு செய்முறை

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குணங்களிலிருந்து தொடங்குகிறார்கள். நல்லவள், பொறுமைசாலி, யாரிடமும் கை நீட்டாதவள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். வாசகர் அதைப் படித்துத் தலையாட்டுவார், அத்தோடு சரி. அந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அவர் மனம் அந்தப் பக்கம் சாயும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் செய்வதற்காகவே.

ஒரே பாத்திரத்தை எடுத்துக் கடைசி வரை கட்டிப் பார்ப்போம். பெயர் கோமதி, வயது 52, தையல் வேலை. உங்களுக்குத் தேவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், இரண்டு மணி நேரம். கதையை எழுத அதற்கு மேல் ஆகும். பாத்திரத்தின் எலும்புக்கூட்டுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

படி 1: இந்த வாரம் என்ன வேண்டும்?

வாழ்நாள் லட்சியத்தைத் தேடி அலையாதீர்கள். கெடு உள்ள ஒரு தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

கோமதிக்கு: வெள்ளிக்கிழமைக்குள் 40 பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த வருட ஆர்டரும் அவளுக்கே.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கதை முடிந்ததும் "கிடைத்ததா?" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வர வேண்டும். "நிம்மதி வேண்டும்", "மரியாதை வேண்டும்" என்று எழுதியிருந்தால் வாசகரால் அதை அளக்க முடியாது. மரியாதை என்றால் யாரிடமிருந்து, எந்த உருவத்தில் என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். இரண்டு மூன்று கேள்விக்குள் அது ஒரு பொருளிலோ, ஒருவர் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு சொல்லிலோ வந்து நிற்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: எதை மறைக்கிறாள்?

வேண்டியதை அடைய விடாமல் தடுக்கும் ஒன்று பாத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை அவள் வெளியே சொல்லாமல் இருக்க வேண்டும். நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: மறைப்பது என்ன, அதற்கு வெளியே சொல்லும் காரணம் என்ன, தெரிந்துவிட்டால் எதை இழப்பாள்.

கோமதிக்குக் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் குமரன் பள்ளிக்குப் போகும் முன் 12 ஊசிகளில் நூல் கோத்துப் பஞ்சு உருண்டையில் குத்திவைத்துவிட்டுப் போகிறான். "நேரம் மிச்சமாகும்" என்பது அவனிடம் அவள் சொல்லும் காரணம். ஆர்டர் கொடுத்த அம்மாவுக்குத் தெரிந்தால் வேலை வேறு கைக்குப் போய்விடும்.

இந்தப் படியில்தான் ஆரம்ப எழுத்தாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சுலபமான தீர்வு ஒன்று பக்கத்திலேயே கிடக்கும். எழுதுகிறவர் கவனித்திருக்க மாட்டார், வாசகர் கவனித்துவிடுவார். கோமதிக்கு வெறும் வெள்ளெழுத்து என்று வைத்திருந்தால், "ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்டுவிட்டு அவள்மேல் எரிச்சல்படுவார். புரை முற்றிவிட்டால் கண்ணாடி கைகொடுக்காது, அறுவை சிகிச்சைதான் வழி. அதையும் ஆர்டர் முடியட்டும் என்று அவள் தள்ளிப் போட்டிருக்கிறாள். தள்ளிப்போட்டது தப்பு என்று வாசகர் நினைக்கலாம், ஆனால் ஏன் என்று புரியும். உங்கள் பாத்திரத்தின் சிக்கலைத் தீர்க்க மூன்று சுலபமான வழிகளை எழுதி, மூன்றையும் ஏன் அவளால் எடுக்க முடியாது என்று பக்கத்திலேயே குறியுங்கள். பதில் இல்லாத வழி இருந்தால் சிக்கலை மாற்றுங்கள்.

படி 3: அவள் எதில் கெட்டிக்காரி?

கஷ்டத்தை மட்டும் அடுக்கினால் வாசகர் "பாவம்" என்று சொல்லிவிட்டு ஓர் அடி தள்ளி நிற்பார். அருகே இழுப்பது திறமை. கண்ணை மூடிக்கொண்டு துணியின் ஓரத்தை விரலால் தடவியே இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கோமதி சொல்லிவிடுவாள். இதைக் கதையின் முதல் பக்கத்திலேயே, ஒன்றிரண்டு வரியில், அவள் வேலை செய்யும்போதே காட்டுங்கள். கண் பார்வை குறைவு என்று வாசகருக்குத் தெரியவரும் முன் இது வந்துவிட வேண்டும். வரிசை மாறினால் திறமை ஆறுதல் பரிசு போல ஆகிவிடும்.

படி 4: விவரங்களும் கணக்கும்

வயது, பிறந்த நாள், பிடித்த நிறம், படித்த பள்ளி என்று பத்துப் பக்கம் எழுதச் சொல்லும் படிவங்கள் நிறைய உண்டு. அவை உங்களுக்குப் பயன்படலாம். கதைக்குள் அவற்றைக் கொட்டினால் வாசகர் விண்ணப்பப் படிவம் படிப்பதுபோல் உணர்வார். இருபது விவரம் எழுதி, அதில் நான்கைந்தை மட்டும் கதைக்குள் விடுங்கள். உள்ளே வரும் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு முறை வேலை செய்ய வேண்டும்: முதல் முறை சாதாரணமாக, இரண்டாம் முறை வலிக்கும்படி.

எண் இருந்தால் இன்னும் நல்லது. சட்டைக்கு 6 பட்டன், 40 சட்டைக்கு 240. ஓர் ஊசி நூலில் 4 பட்டன் வைக்கலாம், 12 ஊசிக்கு ஒரு நாளைக்கு 48. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளில் சரியாக 240. குமரன் ஒரே ஒரு நாள் வராவிட்டாலும் ஆர்டர் முடியாது. இந்தக் கணக்கை முன்பாதியில் சாவதானமாகச் சொல்லிவிட்டீர்கள் என்றால், பின்பாதியில் "குமரன் வரவில்லை" என்ற இரண்டு சொல்லே வாசகர் வயிற்றைக் கலக்கும்.

படி 5: உணர்ச்சியை உடம்பிலும் பொருளிலும் வையுங்கள்

வியாழக்கிழமை குமரன் வரவில்லை. முதல் வரைவு இப்படித்தான் வரும்:

"கோமதிக்கு நெஞ்சு படபடத்தது. பயத்தாலும் அவமானத்தாலும் அவள் கண்கள் குளமாயின. விதி ஏன் தன்னை இப்படிச் சோதிக்கிறது என்று ஏங்கினாள்."

எல்லா உணர்ச்சியும் இங்கே எழுத்தில் இருக்கிறது, வாசகர் செய்ய ஒன்றுமில்லை. மாற்றி எழுதியது:

"எட்டரைக்குப் பள்ளி வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கோமதி பஞ்சு உருண்டையைத் தடவினாள். பன்னிரண்டு ஊசி, எதிலும் நூல் இல்லை. நூல் முனையை நாக்கில் நனைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசிக்கு இடப்பக்கம் போனது. மறுபடி நனைத்தாள். வலப்பக்கம் போனது. ஆறாவது தடவைக்குப் பிறகு ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டு, முடித்து மடித்து வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணத் தொடங்கினாள். இருபத்து நாலு. மறுபடி எண்ணினாள்."

மூன்று நாளில் 24 சட்டை என்பது அவளுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். தெரிந்த எண்ணை ஒருத்தி இரண்டு முறை எண்ணுகிறாள். பயம் என்ற சொல் இல்லாமலே பயம் வந்துவிடுகிறது, ஏனென்றால் அதை வாசகரே உள்ளே போட்டுக்கொள்கிறார்.

தமிழில் இந்தப் பார்வை மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் இருப்பது மெய்யில் படுவதே மெய்ப்பாடு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. எழுதுகிறவருக்கு இது நேரடியாகக் கைகொடுக்கும் கருவி. பாத்திரம் அழப்போகும் இடத்தில் நிறுத்தி, இது எந்த அழுகை என்று கேளுங்கள். பிறர் இகழ்ந்ததாலா, இழந்ததாலா, முன்பிருந்த நிலை தளர்ந்ததாலா, இல்லாமையாலா? கோமதிக்கு மூன்றாவது. அதனால்தான் அவள் யாரையும் பார்க்காமல் தன் கை செய்து முடித்த வேலையை எடுத்துப் பார்க்கிறாள். இகழ்ச்சியால் வந்த அழுகை என்றால் உடம்பு வேறு விதமாக நடந்துகொள்ளும். அவள் கதவைச் சாத்தியிருப்பாள். பெருமிதத்துக்குச் சொல்லும் நான்கில் முதலில் நிற்பது கல்வி. படி 3-இல் கோமதிக்குக் கைத்திறமை கொடுத்தது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

உருக்கமான இடத்தில் எழுதுகிறவரின் குரல் தணிய வேண்டும். 1892-இல் லிடியா அவிலோவா என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் இதையேதான் சொன்னார்: துயரப்படுகிறவர்களைக் காட்டி வாசகரின் இரக்கத்தைப் பெற வேண்டுமானால், எழுத்தில் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும்.

படி 6: பேச்சு

முக்கியமான விஷயத்தைப் பாத்திரங்கள் நேராகப் பேசிக்கொண்டால் காட்சி செத்துவிடும். "குமரா, எனக்குக் கண் தெரியவில்லை, அதனால்தான் உன்னைக் கோக்கச் சொல்கிறேன்" என்று கோமதி சொன்னால் வாசகருக்குத் தகவல் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. இதைப் பாருங்கள்:

"அத்தை, உங்களுக்கே கோக்கத் தெரியாதா?"

"உன் கை சின்னக் கை. சட்டுனு முடிஞ்சிரும்."

"நேத்து ஒரு ஊசியில வெளிர்நீல நூல் கோத்தேன்ல? அத வெள்ளைச் சட்டையில வெச்சிருக்கீங்க."

கோமதி சட்டையைத் திருப்பிப் போட்டாள். "வேன் வந்துரும். ஓடு."

சிறுவனுக்குப் பாதி தெரிந்துவிட்டது, அவள் ஒப்புக்கொள்ளவில்லை, வாசகருக்கு முழுவதும் தெரியும். இந்த மூன்று அளவும் வேறுவேறாக இருக்கும்வரை உரையாடல் உயிரோடு இருக்கும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது: நீ, நீங்க. ஒரு சொல்கூட விளக்காமல் உறவு மாறியதை இதில் காட்டலாம். ஆர்டர் கொடுத்த அம்மா முதல் காட்சியில் "நீங்க எப்ப முடிப்பீங்க?" என்கிறார். சந்தேகம் வந்தபின் கோமதி எதிரிலேயே நிற்க, கூட வந்தவரிடம் "இவங்களால முடியுமா?" என்று கேட்கிறார். எதிரே இருப்பவளைப் படர்க்கைக்குத் தள்ளிவிட்டார். மரியாதை விகுதி அப்படியே இருக்கிறது, மரியாதை போய்விட்டது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். மாறும் இடம் கதையில் ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். அடிக்கடி மாறினால் எழுத்துப்பிழை என்று நினைத்துவிடுவார்கள்.

விவரிப்பை எழுத்துத் தமிழிலும் பேச்சைப் பேச்சுத் தமிழிலும் வைத்தால், ஒரு பாத்திரத்தின் வட்டார வழக்கு நடுவில் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அவர் வாயில் மட்டும் வரும் ஐந்து சொல்லைக் குறித்து வைத்தால் போதும்.

படி 7: நெருக்கடியில் ஒரு முடிவு

அதே வியாழக்கிழமை அந்த அம்மா தன் சிறு மகளோடு வருகிறார். ஒரு பட்டன் தளர்ந்திருக்கிறது, "இப்பவே வெச்சுக் குடுங்க" என்கிறார். கோமதி என்ன செய்வாள்?

ஐந்து முடிவுகளை எழுதுங்கள். முதல் இரண்டும் எல்லோருக்கும் தோன்றுபவை: "நாளைக்கு வாங்க" என்று தட்டிக்கழிப்பது, அழுது உண்மையைச் சொல்வது. அவற்றைத் தாண்டிப் போங்கள். கோமதி ஊசியையும் நூலையும் அந்தச் சின்னப் பெண்ணிடம் நீட்டி, "ஒனக்கு இதக் கோக்கத் தெரியுமா பாப்பா?" என்று விளையாட்டுப் போலக் கேட்கிறாள். தினமும் குமரனிடம் செய்ததுதான், ஆனால் இன்று அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். முழுமையான பாத்திரத்துக்கு ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வைத்த சோதனை இதுவே: நம்பும்படியாக வியக்க வைக்கிறதா? வியப்பு இல்லையென்றால் அது தட்டையான பாத்திரம். வியப்பு இருந்தும் நம்ப முடியவில்லையென்றால், அதற்கான விதையை முன்பாதியில் போட மறந்திருக்கிறீர்கள்.

முடிவுக்கு விலை இருக்க வேண்டும். பட்டன் வைத்தாயிற்று, ஆனால் அந்த அம்மா கோமதியின் கண்ணைப் பார்த்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் படி 1 பொருந்தும். அந்த அம்மாவும் திங்கட்கிழமை 40 பிள்ளைகளுக்குச் சட்டை கொடுத்தாக வேண்டும். அவரை வில்லி ஆக்கினால் கோமதியின் பயம் மலிந்துவிடும்.

படி 8: யார் கண் வழியாக?

ஒரு காட்சிக்கு ஒரே ஒருவரின் மனம்தான். கோமதியின் உள்ளே இருந்துகொண்டே, அடுத்த வரியில் அந்த அம்மா மனதில் நினைப்பதைச் சொன்னால் வாசகர் இருவரிடமிருந்தும் வெளியே வந்து விழுவார். புரை உள்ளவளின் கண் வழியே எழுதும்போது தூரத்து முகத்தின் சுருக்கத்தை வர்ணிக்காதீர்கள். குரல், காலடி, துணியின் சரசரப்பு ஆகியவை வரட்டும்.

படி 9: திருத்தம்

வரைவை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். பிறகு பென்சிலோடு உட்கார்ந்து சோகம், பயம், ஏக்கம், வேதனை போன்ற உணர்ச்சிச் சொற்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் மிகுதியை அடித்துவிட்டுப் படியுங்கள். பல இடங்களில் பக்கத்திலுள்ள செயலே அதைச் சொல்லியிருக்கும். சொல்லவில்லையென்றால் செயலை மாற்றுங்கள்.

பிறகு மூன்று பேரிடம் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். எந்த இடத்தில் கவலை வந்தது, கோமதி அடுத்து என்ன செய்வாள் என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். "பாவம் அந்தம்மா" என்று மட்டும் பதில் வந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். "முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருக்கலாமே" என்றால் படி 2-இல் ஓட்டை இருக்கிறது. எங்குமே கவலை வரவில்லையென்றால் கணக்கு சரியாக விழவில்லை. 48, 240 ஆகிய எண்களை இன்னும் முன்னால் நகர்த்துங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாளா?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டால், அந்தப் பாத்திரத்தில் இனிக் கை வைக்க வேண்டாம்.