பெர்லில் ஸ்ப்ளிட்: பூக்கடைக் கணக்கு வரியைத் துண்டு துண்டாகப் பிரிப்பது எப்படி?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடையின் விற்பனைக் கணக்கு டெக்ஸ்ட் ஃபைலாகக் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியும் இப்படி:

மல்லி,5,800

பூவின் பெயர், கிலோ, கிலோவுக்கு என்ன விலை. (விலை சும்மா எடுத்துக்காட்டுக்குத்தான். முகூர்த்த நாளில் மல்லி விலை நம் பேச்சைக் கேட்காது.) பெர்ல் என்ற புரோகிராம் மொழியில் இந்த வரியை மூன்றாக வெட்டித் தரும் கட்டளைதான் ஸ்ப்ளிட்.

கட்டளைச் சொற்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். புரோகிராம் எழுதும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். குறிகளும் இடைவெளிகளும் இங்கே உள்ளபடியே இருக்கட்டும். $வரி, @பகுதி போன்ற வேரியபிள் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், பெர்ல் ஏற்றுக்கொள்ளும்.

படி 1: தலைப்பு வரிகள்

யூஸ் ஸ்டிரிக்ட்;
யூஸ் வார்னிங்ஸ்;
யூஸ் யுடிஎஃப்8;
பின்மோட் எஸ்டிடிஅவுட், ":என்கோடிங்(யுடிஎஃப்-8)";

யுடிஎஃப்-8 என்பது தமிழ் போன்ற எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை. மூன்றாவது வரி இல்லாவிட்டால் தமிழ் வேரியபிள் பெயர் ஓடாது. நான்காவது வரி இல்லாவிட்டால் தமிழை அச்சிடும்போது 'வைட் கேரக்டர்' என்ற எச்சரிக்கை வரும். லினக்ஸில் பெரும்பாலும் பெர்ல் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ் என்றால் ஸ்ட்ராபெரி பெர்லை நிறுவுங்கள்.

படி 2: முதல் வெட்டு

மை $வரி = "மல்லி,5,800";
மை @பகுதி = ஸ்ப்ளிட் /,/, $வரி;
பிரிண்ட் "[$_]" ஃபார் @பகுதி;

விடை: [மல்லி][5][800]

இரண்டு சாய்கோட்டுக்கு நடுவே இருப்பது பேட்டர்ன், அதாவது எந்த இடத்தில் வெட்டுவது என்ற குறிப்பு. வெட்டிய இடத்தில் இருந்த காற்புள்ளி விடையில் வராது. அச்சிடும்போது சதுர அடைப்பு போடும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி அதில்தான் மாட்டும்.

கடையில் தட்டச்சு செய்தவர் "மல்லி , 5,  800" என்று அடித்திருந்தால் அதே பேட்டர்ன் [மல்லி ][ 5][  800] என்று தரும். எண்ணுக்கு முன்னால் இடைவெளி இருந்தாலும் பெர்ல் கூட்டிவிடும். பெயர்தான் சிக்கல்: "மல்லி", "மல்லி " இரண்டும் பெர்லுக்கு வேறு வேறு பூ. மாதக் கடைசியில் மல்லிக்கு இரண்டு மொத்தம் வந்து நிற்கும். பேட்டர்னை இப்படி மாற்றுங்கள்:

/ *, */

இடைவெளிக்குப் பின்னால் உள்ள நட்சத்திரத்துக்கு 'இல்லாமலும் இருக்கலாம், எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று பொருள். டேபும் கலந்து வரும் என்றால் இடைவெளிக்குப் பதில் பின்சாய்கோடும் சின்ன எஸ்ஸும் போடுங்கள்.

வெறும் இடைவெளியால் பிரித்த வரி வந்தால் / / வேண்டாம். மூன்று இடைவெளி இருந்தால் நடுவில் இரண்டு வெற்றுத் துண்டு விழும். ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் இடைவெளி, அதாவது ' ' என்று கொடுங்கள். ஸ்ப்ளிட்டில் மட்டும் இதற்குத் தனிச் சலுகை உண்டு: வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளியைத் தள்ளிவிட்டு, எத்தனை இடைவெளி, டேப் வந்தாலும் ஒரே வெட்டாக எடுத்துக்கொள்ளும்.

படி 3: செங்குத்துக் கோடும் புள்ளியும்

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் விழும் பள்ளம் இது. "மல்லி|5" என்ற வரியை /|/ கொண்டு வெட்டினால் ம, ல, ், ல, ி, |, 5 என ஏழு துண்டு கிடைக்கும். பேட்டர்னுக்குள் | என்றால் 'இது அல்லது அது'. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை என்பதால் ஒன்றுமில்லாத இடத்திலெல்லாம் வெட்டுகிறது. மேற்கோளுக்குள் "|" என்று போட்டாலும் கதை அதேதான், ஸ்ப்ளிட் அதையும் பேட்டர்னாகவே படிக்கும். சரியானது: /\|/

புள்ளி இன்னும் மோசம். "14.01.2025" என்ற தேதியை /./ கொண்டு வெட்டினால் எதுவுமே கிடைக்காது. புள்ளிக்கு 'எந்த எழுத்தும்' என்று பொருள் என்பதால் எல்லாமே வெட்டுமிடமாகி, மிஞ்சிய வெற்றுத் துண்டுகளையும் ஸ்ப்ளிட் உதறிவிடுகிறது. /\./ என்று எழுதுங்கள். தேதியில் புள்ளி, கோடு, சாய்கோடு எல்லாம் கலந்து வந்தால்:

/[.\/-]/

சதுர அடைப்புக்குள் புள்ளி வெறும் புள்ளிதான். சிறு கோட்டைக் கடைசியில் வையுங்கள். நடுவில் வைத்தால் 'இதிலிருந்து அதுவரை' என்று ஆகிவிடும்.

படி 4: காணாமல் போகும் கட்டங்கள்

"பிச்சி,3,600,," என்ற வரியில் கடைசி இரண்டு கட்டம் காலி. /,/ மூன்று துண்டுதான் தரும். முதலில் உள்ள காலியை வைத்துக்கொள்ளும் ஸ்ப்ளிட், கடைசியில் உள்ள காலிகளை விட்டுவிடும். ஐந்தும் வேண்டுமென்றால்:

ஸ்ப்ளிட் /,/, $வரி, -1

கவனம்: ஃபைலிலிருந்து படித்த வரியின் முனையில் புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சாம்ப் கொண்டு நீக்காவிட்டால் கடைசிக் கட்டம் காலியில்லை என்று தோன்றி, -1 போடாமலே ஐந்தும் வரும். பிறகு என்றைக்காவது சாம்ப் சேர்க்கும்போது புரோகிராம் உடைந்ததுபோல் தெரியும். முதலிலேயே சாம்ப், அடுத்து ஸ்ப்ளிட்.

அந்த மூன்றாவது இடத்தில் 4 என்று போட்டால் நான்கு துண்டுக்கு மேல் வெட்டாது. "சம்பங்கி,4,200,பாக்கி உண்டு, நாளைக்குத் தருவார்" என்ற வரியில் குறிப்பு சிதறாமல் முழுசாக நிற்கும்.

படி 5: தமிழ் எழுத்து உடைவது ஏன்?

"மல்லி₹800,5" என்பதை /[₹,]+/ கொண்டு வெட்டுங்கள். யூஸ் யுடிஎஃப்8 வரியும் பின்மோட் வரியும் இல்லாமலேயே (அப்போது வேரியபிள் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள்) [மல்லி][800][5] என்று சரியாக வரும். அதே பேட்டர்னில் "பூமாலை₹150,2" என்று கொடுத்தால் மூன்றுக்குப் பதில் நான்கு துண்டு, அதில் முதல் துண்டில் ப-வுக்குப் பக்கத்தில் குப்பை எழுத்து.

காரணம் பைட்டில், அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகில் இருக்கிறது. யூஸ் யுடிஎஃப்8 இல்லாதபோது ₹ பெர்லுக்கு ஒரு குறி அல்ல, மூன்று பைட். சதுர அடைப்பு அந்த மூன்றையும் தனித்தனி வெட்டுமிடமாக எடுத்துக்கொள்கிறது. நடு பைட் ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில்) 82. பூ-வில் உள்ள ூ என்ற குறியின் கடைசி பைட்டும் 82. கத்தி அங்கே இறங்கிவிடுகிறது. மல்லியில் அந்த பைட் இல்லை, தப்பித்தது. ஆகவே ஒரு வரியில் சோதித்துவிட்டுச் சரி என்று முடிவு செய்யாதீர்கள்.

யூஸ் யுடிஎஃப்8 புரோகிராமுக்குள் எழுதியதை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஃபைலைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில் "<:என்கோடிங்(யுடிஎஃப்-8)" என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேட்டர்னில் ₹ ஒரு குறி, வரியில் மூன்று பைட், இரண்டும் பொருந்தாது. காற்புள்ளியில் மட்டும் வெட்டும், ₹ அப்படியே ஒட்டிக்கிடக்கும்.

எழுத்து எழுத்தாகப் பிரிக்க // போதும் என்று எங்கும் சொல்வார்கள். தமிழுக்குப் போதாது. "மதுரை" என்பது யூஸ் யுடிஎஃப்8 இல்லாமல் 15 துண்டு, அதைப் போட்டால் ம, த, ு, ர, ை என 5 துண்டு. நாம் எண்ணும் 3 எழுத்து வேண்டுமானால் ஸ்ப்ளிட்டை விட்டுவிட்டு, பின்சாய்கோடு பெரிய எக்ஸ் என்ற பேட்டர்னை ஜி கொடியுடன் (பொருந்தும் எல்லா இடத்தையும் எடு என்ற குறிப்பு) வரியில் பொருத்தி எடுங்கள்.

இன்னும் சில

பேட்டர்னில் வளைவு அடைப்பு போட்டால் வெட்டிய குறியும் விடையில் வரும்: /([,;])/ கொண்டு "மல்லி,5;பிச்சி,3" என்பதை வெட்டினால் [மல்லி][,][5][;][பிச்சி][,][3]. வேண்டாமென்றால் (?: என்று தொடங்குங்கள்.

மை $பெயர் = ஸ்ப்ளிட் /,/, $வரி; என்றால் $பெயர் உள்ளே மல்லி இருக்காது, 3 இருக்கும், அதாவது துண்டுகளின் எண்ணிக்கை. மை ($பெயர்) என்று அடைப்பு போட்டால் முதல் துண்டு வரும்.

எக்செலிலிருந்து வந்த ஃபைலில் "கனகாம்பரம், ஆரஞ்சு",2,900 என்று மேற்கோளுக்குள் காற்புள்ளி இருந்தால் பேட்டர்னோடு மல்லுக்கட்டாதீர்கள். பெர்ல் மாட்யூல்களின் இணையக் களஞ்சியமான சிபானிலிருந்து டெக்ஸ்ட்::சிஎஸ்வி மாட்யூலை நிறுவி, பைனரி => 1 என்று கொடுத்து, கெட்லைன் கொண்டு வரி வரியாகப் படியுங்கள்.