விலையுயர்ந்த ஷிராஸ்: ஒப்பிடுவதில் நிகழும் பிழைகள்

1957இல் ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவன நிர்வாகம், பெரும்பாலும் ஷிராஸ் என்னும் கருந்திராட்சையில் செய்யும் கிரேஞ்ச் ஒயின் தயாரிப்பை நிறுத்துமாறு அதை உருவாக்கிய மாக்ஸ் ஷூபர்ட்டுக்கு உத்தரவிட்டது. சுவைத்துப் பார்த்த பலர் முகம் சுளித்ததுதான் காரணம். ஷூபர்ட் பணியவில்லை. நிறுவனத்தின் மகில் நிலவறையில் மூன்று அறுவடைகளை ரகசியமாகவே ஒயினாக்கினார். தொடக்க காலப் புட்டிகள் முதிர்ந்து சுவை கூடியதும், அதே நிர்வாகம் 1960இல் தயாரிப்பைத் தொடரச் சொன்னது. 1955ஆம் ஆண்டு கிரேஞ்ச், 1962இல் சிட்னி போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது.

அந்த நிர்வாகம் செய்த தவறை இன்றும் பலர் செய்கிறார்கள். நான்கு வயது ஷிராஸையும் பதினைந்து வயது ஷிராஸையும் அடுத்தடுத்து ஊற்றிவிட்டு, முன்னது முரடு, பின்னது மென்மை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். அங்கே ஒப்பிடப்படுவது தரமல்ல, வயது. இளம் ஒயினில் பார்க்க வேண்டியது வேறு: பழச்சுவை, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா? இளமையிலேயே ஆல்கஹால் தொண்டையைச் சுடுகிறது என்றால், ஆண்டுகள் போனால் அது அடங்கிவிடும் என்று நம்ப இடமில்லை. துவர்ப்பு தணியும், ஆல்கஹால் அப்படியே இருக்கும்.

அடுத்த பிழை, பாணியை மறப்பது. பென்ஃபோல்ட்ஸின் கிரேஞ்சையும் செயின்ட் ஹென்றியையுமே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஷிராஸ்தான். கிரேஞ்ச் புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் முதிர்கிறது; செயின்ட் ஹென்றி மரவாசனை ஏறாத பழைய பெரிய பீப்பாய்களில். விலையில் பின்னது முன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் அதை ‘ஏழையின் கிரேஞ்ச்’ என்று வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் அவர் தேடும், புதிய ஓக் தரும் வனிலா மணம் அதில் கிடையாது. ஷிராஸின் பழத்தை மட்டும் கேட்பவருக்கோ அது அருமையான பேரம். என்னைக் கேட்டால், முதிரக் காத்திருக்கும் பொறுமை உள்ளவர்கள் முதலில் வாங்க வேண்டியது செயின்ட் ஹென்றியைத்தான்.

ஊர் மாறினாலும் இதே சிக்கல். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோஸா பள்ளத்தாக்கு ஷிராஸின் கனத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பள்ளத்தாக்கு ஷிராஸைக் குடித்தால் அது மெலிந்ததாகத் தோன்றும். ஆனால் நல்ல ஆண்டின் ஹன்டர் ஷிராஸ் பல பத்தாண்டுகள் தாங்கும். கனம் வேறு, ஆயுள் வேறு.

புட்டியின் மேல் ‘பழைய கொடி’ என்று அச்சிட்டிருந்தாலே கூடுதல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. கொடியின் வேரைத் தாக்கி அழிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவில் நுழையாததால், அங்கே 1843இல் நட்ட கொடிகள்கூட இன்னும் காய்க்கின்றன என்பது உண்மையே. ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. பரோஸாக்காரர்கள் 2009இல் தாங்களாகவே ஒரு வரிசை வகுத்தார்கள்: 35 ஆண்டு, 70, 100, 125 என்று. புட்டியில் எந்தப் படி என்று குறிக்கவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விமர்சகர்கள் ஒயினுக்கு 100க்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் விவகாரத்துக்கு ஒரே வரி போதும்: யார் கொடுத்தார், ஒயினின் எந்த வயதில் கொடுத்தார் என்று பாருங்கள்.

அறுவடை ஆண்டு இதைவிட முக்கியம். பரோஸாவில் 2010, 2012 இரண்டும் கொண்டாடப்பட்டவை. நடுவில் வந்த 2011 குளிரும் மழையுமாகக் கழிந்தது. ஒரு நிறுவனத்தின் 2010ஐ இன்னொன்றின் 2011உடன் வைத்து, முன்னதே சிறந்த நிறுவனம் என்பது நியாயமில்லை.

இவை எல்லாவற்றிலும் சரியாக இருந்துவிட்டு, சேமிப்பில் கோட்டைவிடுகிறவர்களே அதிகம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் அடிலெய்டில் கார் கொட்டகையில் வைத்த புட்டி, எவ்வளவு புகழ்பெற்றதானாலும் வெந்துதான் போகும். 12 முதல் 15 டிகிரி வரையிலான மாறாத குளிர்ச்சி வேண்டும். தக்கையிட்ட புட்டியைப் படுக்கவைக்க வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாதவர் நீண்ட ஆயுளுக்காக அதிக விலை கொடுப்பது வீண்.

ஏலத்தில் பழைய புட்டி எடுப்பவர்கள், கழுத்தில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். புட்டியின் தோள்வரை இறங்கியிருந்தால் தக்கை கசிந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல், 15 ஆண்டு கடந்த தன் சிவப்பு ஒயின்களைத் திறந்து சோதித்துத் தக்கை மாற்றித் தருகிறது. தேறிய புட்டிக்குச் சான்று ஒட்டுவார்கள். அது ஒட்டப்பட்ட தேதியையும் கேளுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தப் புட்டி எங்கே இருந்தது என்பதை அந்தச் சான்று சொல்லாது.